தேய்மானத்தைச் சொல்லும் ஒரு சொற்றொடர்

ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியர் தலையங்கங்களிலும் அறிக்கைகளிலும் 'டு த டெட்ரிமென்ட் ஒஃப்' என்ற சொற்றொடரை நாம் காண்கிறோம். 'பாதகமாக', 'கேடு விளையும்படி' என்று அகராதி பொருள் தருகிறது. அது சரியே. ஆயினும் எல்லா வகைக் கேட்டுக்கும் இது பொருந்திவிடாது.

'டெட்ரிமென்ட்' இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர்ச்சொல்லுக்குத் 'தேய்த்து அகற்றுதல்' என்பது பொருள். மரம் முறிந்து விழுந்து கூரை உடைந்தால் அதைச் சொல்ல இச்சொற்றொடர் உதவாது. ஒன்றை வளர்க்கப்போய் இன்னொன்று தேய்ந்துபோனால், அங்கேதான் இது பெரும்பாலும் கைகொடுக்கிறது.

மத்திய ஆசியாவின் ஏரல் கடல் இதற்கு நல்ல உதாரணம். ஒரு காலத்தில் அது உலகின் நான்காவது பெரிய ஏரி. அதற்கு நீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகளை 1960களில் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குப் பெருமளவில் திருப்பியது. பருத்தி செழித்தது; ஏரி ஆண்டுக்காண்டு சுருங்கியது. மீன்பிடிப் படகுகள் மணலில் நின்றன. ஏரியின் 'டெட்ரிமென்டுக்கு' பருத்தி வளர்ந்தது என்று ஆங்கிலத்தில் எழுதலாம்.

இலக்கணத்திலும் ஒரு கவனம் தேவை. இச்சொற்றொடரில் 'டெட்ரிமென்ட்' என்ற பெயர்ச்சொல்லின் பின் 'ஒஃப்' வரும். 'டெட்ரிமென்டல்' என்ற பெயரடையின் பின் 'டு' வரும். இரண்டையும் மாற்றி எழுதக் கூடாது. மேலும் இது எழுத்து நடைக்குரியது. தோழியருடனான பேச்சில் செயற்கையாக ஒலிக்கும்.

இச்சொற்றொடரின் சிறப்பு, 'ஒஃப்' என்பதோடு வாக்கியத்தை முடிக்க முடியாது என்பதே. தேய்ந்தது எது என்று பெயர் சொல்லியே ஆகவேண்டும். 'மகள் காலையும் மாலையும் டியூஷன் போகிறாள்' என்பது பெருமையான செய்தி. 'நித்திரைக்கும் ஆரோக்கியத்துக்கும் பாதகமாக' என்று சேர்த்தால் அதே செய்தி வேறாகிவிடுகிறது. 'மகனின் படிப்புக்கு எல்லாவற்றையும் செலவழித்தோம்' என்பதும் அப்படித்தான். அங்கே சேர்க்க வேண்டிய சொல் சில வீடுகளில் 'அவனுடைய தங்கையின் படிப்பு' என்பதாக இருக்கும்.

நன்மை ஒன்றைத் திட்டமிடும்போதே அந்தக் கடைசிச் சொல்லையும் எழுதிப் பார்ப்போம். தேய்வது மெதுவாகவே நடப்பதால், தடுப்பதற்கும் அவகாசம் இருக்கிறது.