பக்கத்து இருக்கையின் தோழமை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்து சந்தாபுராவை அடைந்து, ஆனேக்கல் சாலை பிரியும் முனையில் மாலை வேளையில் நின்று நோக்குவோர்க்கு, கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்தொலிக்க, தேசத்தின் பல திசைகளிலிருந்தும் வந்த மாணவர்கள் கூடும் காட்சி உள்ளத்தைக் குளிர்விக்கும்.

அந்தச் சகவாழ்வு எத்துணை எளிதில் நொறுங்கக்கூடியது என்பதை 2012 ஆகஸ்டு மாதம் உணர்த்திற்று. அஸ்ஸாம் கலவரத்தை அடுத்து, வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி கைப்பேசிகள் வழியே பரவ, ஆயிரக்கணக்கான மாணவரும் தொழிலாளரும் பெங்களூரை நீங்கிக் குவாஹாட்டிக்கு ரயிலேறினர்; அவர்களுக்கெனச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன; மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது.

அதே 2012-ஆம் ஆண்டின் பெயரால் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த சமத்துவ விதிகள், சாதி, மதம், மொழி, இனம், பாலினம், உடற்குறை ஆகியவற்றை முன்னிட்டு மாணவரைப் பேதப்படுத்தலாகாதென்றும், முறையீடுகளை விசாரிக்கத் தனி அதிகாரி வேண்டுமென்றும் விதித்தன.

சட்டம் தண்டிக்கலாம்; ஆயினும் தோள்கொடுக்க மனிதரே வேண்டும். தோற்றத்தையோ உச்சரிப்பையோ ஒருவர் பரிகசிக்கும்போது உடன் நகையாமல் கண்டிப்பதும், தனித்து உண்பவரருகே சென்றமர்வதும், முறையிட அஞ்சுபவருடன் அலுவலகம்வரை துணைநடப்பதும், வதந்தியைப் பிறர்க்கனுப்பாமல் தன்னோடு நிறுத்துவதுமே மெய்யான தோழமை. அறிமுகமானவர் மீது துவேஷம் எளிதில் முளைப்பதில்லை. ஆதலின், அறிமுகமே கல்விச்சாலையின் முதற்பாடமாகுக.