ஆகாய விமானத்தில் ஒரு நீர்க்கட்டி

2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஆகாய விமானம் ஹைட்ராலிக் கோளாறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமிட்டு, நூற்று நாற்பதுக்கு அதிகமான பேருடன் க்ஷேமமாக இறங்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ஒரு கருவி கெட்டதை மற்றக் கருவிகளுக்கு யார் சொல்வது?"

நம் ஊர் வாய்க்காலைக் கொண்டே பதில் சொன்னேன். முறை வைத்துத் தண்ணீர் விடுவதில்லையா? நமது சுதேசி விமானமாகிய தேஜஸில் (முதற் பறப்பு 4-1-2001, பெங்களூர்) 1553பி என்ற கம்பித்தடம் அப்படித்தான் நடக்கிறது. தலைமைக் கருவி கேட்டாலன்றி மற்றவை வாய் திறவா. ஒரு தடத்தில் 31 கருவிகளுக்கு மேல் இடமுமில்லை. ஏ-380 என்ற பெரிய விமானத்திலோ ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் ஈதர்நெட்டையே அடக்கிப் பழக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அளவிட்ட மடை. ஒரே சேதி இரு தடங்களில் செல்லும்.

தடம் இருந்தால் போதுமா? எந்த வயலுக்கு எப்போது என்று பார்க்க நீர்க்கட்டி வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரலுக்குத்தான் 'மிடில்வேர்' என்று பெயர். விமானத்துக்கு விமானம் புதிதாக எழுதினால் பணமும் காலமும் பாழ். ஆகவே, 2004-ல் வெளியான டி.டி.எஸ். போன்ற பொதுத்தர நிரலையே அமர்த்தலாமே என்கிறார்கள். நியாயந்தான். ஆனால் பொது நிரல் பறக்கும்போதே புதுக் கருவிகளைத் தேடும்; நினைவகத்தை வேண்டியபடி எடுத்துக்கொள்ளும். எத்தனை நேரமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. விமானத்தில் தாமதித்து வந்த சேதி பொய்ச் சேதிக்குச் சமானம். உயிருக்கே அபாயம் தரும் கோளாறு நூறு கோடி மணி நேரப் பறப்பில் ஒரு தடவை நேருவதே அதிகம் என்பது அங்குள்ள கணக்கு.

வேறிடத்தில் நன்றாக உழைத்தது என்ற சிபாரிசும் செல்லாது. ஏரியான்-4 ராக்கெட்டில் பழுதின்றி ஓடிய நிரலை, அதைவிட வேகமான ஏரியான்-5-ல் அப்படியே வைத்தார்கள். 1996 ஜூன் 4-ந் தேதி அது கிளம்பி ஒரு நிமிஷத்துக்குள் சிதறியது.

எனவே பொதுத்தரத்தை வேண்டாமென்று தள்ளாமல், வேண்டாத கிளைகளை வெட்டி, எஞ்சியதை வரி வரியாகச் சோதித்து ஏற்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். செலவு குறையும் என்று நம்பி வருகிறவர்களுக்கு இது கசக்கும்.

பையன் விடவில்லை. "நீர்க்கட்டி தூங்கிவிட்டால், சார்?"

அதற்குத்தான் காவல் கடிகாரம் ஒன்று தனியே ஓடுகிறது. குறித்த கணத்துக்குள் சேதி வராவிட்டால், பழைய சேதியை நம்பாமல் மாற்று வழிக்குத் திருப்பிவிடும்.