மேலாளர் போனார், அவர் பார்த்த வேலை போகவில்லை

பிரிட்டனின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கடைத் தளத்தில் இருக்கும் மேலாளர்களைத் தொடர்ந்து குறைத்து வருகின்றன. சுமார் 1,700 மேலாளர் பணியிடங்களை நீக்கப்போவதாக 2018இல் டெஸ்கோ அறிவித்தது. 2020இல் மாரிசன்ஸ் 3,000 மேலாளர் பதவிகளை எடுத்துவிட்டு, மணிக்கணக்கில் சம்பளம் பெறும் 7,000 இடங்களை உருவாக்குவதாகச் சொன்னது. 2023இல் மறுபடியும் டெஸ்கோ: பெரிய கடைகளில் 1,750 மேலாளர் பதவிகளைக் குறைத்து, 'ஷிப்ட் லீடர்' என்ற பெயரில் சுமார் 1,800 புதிய பதவிகளைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் செயின்ஸ்பரி 3,000 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது.

எண்களை மட்டும் பார்த்தால் இதில் சில அறிவிப்புகள் நல்ல செய்திபோலக்கூடத் தெரியும். போவது குறைவு, வருவது அதிகம். ஆனால் நீக்கப்பட்ட மேலாளர் அன்றாடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

காலையில் கடையைத் திறந்து அலாரத்தை நிறுத்துவது, பெட்டகத்தை எண்ணிச் சரிபார்ப்பது, யார் எந்த ஷிப்ட் என்று பட்டியல் போடுவது, குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்துவைப்பது, காலாவதியான சரக்கு அலமாரியில் இல்லை என்று உறுதிசெய்வது, யாராவது வழுக்கி விழுந்தால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது, மது வாங்க வந்த இளைஞரிடம் அடையாள அட்டை கேட்டுத் தகராறு வந்தால் போய் நிற்பது. இதில் பலவற்றைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. பதவி போனதும் இவை நின்றுவிட முடியாது. முதலில் ஷிப்ட் லீடரிடம் இறங்கும். அவர் விடுப்பில் இருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் வரும்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. எந்தக் கடைக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேர உழைப்பு என்பதை விற்பனையைப் பார்த்துத் தலைமையகம் ஒதுக்குகிறது. ஒதுக்கிய நேரத்துக்குள் முடியாத வேலையை இதுவரை பெரும்பாலும் மேலாளர்தான் இருந்து முடித்தார். மாதச் சம்பளக்காரர் என்பதால் அவர் கூடுதலாக நின்ற நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவரை நீக்கும்போது அந்தக் கணக்கில் வராத நேரமும் கடையை விட்டுப் போய்விடுகிறது. மிச்ச வேலை, நிமிடத்துக்கு நிமிடம் அளக்கப்படும் தொழிலாளியின் தலையில் விழுகிறது. பொறுப்பு வந்து சேர்கிறது. அதற்கான அதிகாரமும் நேரமும் சேர்வதில்லை.

நிறுவனங்கள் சொல்லும் காரணங்களைப் பொய் என்று தள்ள முடியாது. ஆல்டி, லிடில் ஆகிய மலிவுவிலைக் கடைகளின் போட்டி கடுமையானது. 21 வயது நிறைந்தோருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. அதே மாதம் ஊழியர்களுக்காக முதலாளி செலுத்தும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. ஆனால் ஏறிய செலவை ஈடுகட்ட, ஊதிய உயர்வு பெற்ற அதே ஆளிடமே இரண்டாவது ஆளின் வேலையையும் வாங்குவது நியாயமில்லை. அதுவும் எந்தக் காலத்தில்? 2023–24இல் கடை ஊழியர்கள் மீதான வன்முறை, வசைச் சம்பவங்கள் நாளொன்றுக்கு 2,000ஐத் தாண்டியதாகப் பிரிட்டன் சில்லறை வணிகக் கூட்டமைப்பே சொல்கிறது. கையில் சாவியும் பெயரளவில் பொறுப்பும் மட்டும் உள்ளவரை அப்படிப்பட்ட கடையில் முன்னால் நிறுத்துகிறார்கள்.

சட்டம் காப்பாற்றாதா? 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டப்படி, ஒரு வகை வேலைக்கு ஆட்கள் தேவைப்படுவது நின்றாலோ குறைந்தாலோ அது ஆட்குறைப்பு. சேஃப்வே அங்காடியின் பெட்ரோல் நிலைய மேலாளர் ஒருவரின் வழக்கு இதைச் சோதித்தது. அவர் பதவி நீக்கப்பட்டு, பெரும்பாலும் அதே வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் புதுப் பெயரில் ஒரு பதவி வந்தது. வேலை அப்படியே இருக்கிறதே, இது எப்படி ஆட்குறைப்பு என்பது அவர் வாதம். வேலை குறைந்ததா என்பது கேள்வியே இல்லை, அதைச் செய்ய ஆட்களின் தேவை குறைந்ததா என்பதுதான் கேள்வி என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1997இல் சொன்னது. 1999இல் வேறொரு வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையும் அந்த அணுகுமுறையை ஏற்றது. ஒருவரின் வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு அவரை அனுப்பினாலும் அது ஆட்குறைப்பாகவே கருதப்படலாம். பிரித்து வாங்கிக்கொண்டவர்களின் பாரத்தை இந்தக் கேள்வி தொடுவதே இல்லை. என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான்.

பிரிட்டன் கடைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ஈழத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் உண்டு, படிக்கப் போன மாணவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். சம்பளமில்லாமல் கூடுதலாகப் பார்த்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சராசரி ஊதியம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் அது சட்டமீறல். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்போருக்குப் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. சம்பளமில்லாத வேலையும் அதில் அடங்கும். ஷிப்ட் முடிந்த பிறகு உதவிக்கு நின்ற அரை மணி நேரம் விசாவுக்கே ஆபத்தாகலாம். புதிய பொறுப்பு தரப்படும்போது நேரம் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேளுங்கள். கூடுதலாக நின்ற நேரத்தைத் தேதியோடு குறித்துவையுங்கள். உஸ்டா, ஜிஎம்பி போன்ற தொழிற்சங்கம் ஒன்றில், பிரச்சினை வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.