பாகை நாளும் படைப்புழுவும்

பூச்சிகள் தம் உடல்வெப்பத்தைத் தாமே நிலையாகக் காத்துக்கொள்ள இயலாதவை ஆதலால், அவற்றின் முட்டை பொரிவதும் புழு தோலுரிப்பதும் சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தே விரைவாகவோ மெதுவாகவோ நடக்கின்றன. பயிர் முதிர்வதற்கு வேண்டிய வெப்பத்தைக் கூட்டிக் கணக்கிடலாம் என்று பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1735இல் காட்டிய வழி, பின்னர் பூச்சிகளுக்கும் பொருந்தியது. ஒரு நாளின் உச்ச, குறைந்த வெப்பநிலைகளின் சராசரியிலிருந்து, பூச்சியின் வளர்ச்சி நின்றுவிடும் அடிவெப்பநிலையைக் கழித்தால் எஞ்சுவது அந்நாளின் பாகை நாள் எனப்படும்.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து, அவ்வாண்டே விருதுநகர் மாவட்ட மக்காச்சோளத்தையும் சூறையாடிய படைப்புழுவுக்கு இக்கணக்கு நன்கு பொருந்துகிறது. தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடும், வால்பக்கம் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் கொண்ட இப்புழுவின் அடிவெப்பநிலை ஏறத்தாழ 12.6 பாகை செல்சியஸ் என்றும், முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாவதற்கு ஏறத்தாழ 392 பாகை நாள் வேண்டும் என்றும் 2020இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு கண்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பகலில் 34, இரவில் 24 பாகை நிலவினால், நாளொன்றுக்கு 16.4 பாகை நாள் சேர்ந்து 24 நாளில் ஒரு தலைமுறை முடியும். பருவமழைக் குளிர்ச்சியில் சராசரி 25 பாகைக்கு இறங்கினால் அது 32 நாளாக நீளும். மருந்து தெளிக்கும் நாளைக் குறிப்பதில் இந்த எட்டு நாள் வேறுபாடு சிறிதன்று. இலையைச் சுரண்டித் தின்னும் இளம்புழுவை மருந்து எட்டும், ஆனால் வளர்ந்து குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்தால் குருத்தின் வாயை அடைத்துக்கொண்ட புழுவை அது எட்டுவதில்லை.

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மேய்ச்சல் நிலங்களில் வெட்டுக்கிளி முட்டைகள் பனிக்காலம் முழுதும் மண்ணில் உறங்குவதால், அங்கே பாகை நாளை வசந்தத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் போதும். உறைகுளிர் அறியாத விருதுநகரிலோ தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், எண்ணிக்கையை எந்நாளில் தொடங்குவது என்பதே முதன்மையான வினாவாகிறது. பயிர் முளைத்தபின் இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துகள் விழத் தொடங்கும் நாளையோ, இலையடியில் முட்டைக்குவியல் தென்படும் நாளையோ தொடக்கமாகக் கொள்வதே இங்கு ஏற்றது. ஒவ்வொரு விதைப்புக்கும் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும்.

பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் காய்ப்புழுவுக்கும் இம்முறை பயன்படத்தக்கது. ஆயினும் சராசரி 30 பாகையைக் கடந்த கோடைவெப்பத்தில் படைப்புழுவின் வளர்ச்சி அதே விகிதத்தில் விரைவதில்லை ஆதலால், அந்நாள்களின் மிகைவெப்பத்தைக் கூட்டலில் சேர்க்காமல் விடுவது அவசியம்.