கல்லறைக் கற்கள் சொல்லும் வரலாறு

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் சென்னை தன் பிறந்தநாளைக் கொண்டாடுகிறது. அப்போது வழிகாட்டியுடன் கூடிய மரபு நடைகள் பல நடைபெறுகின்றன. விஜயபுரம், நகரி பகுதிகளிலிருந்து சென்னை வரும் நம் வாடிக்கையாளர்களுக்காக, பழைய தேவாலயங்களைக் காணும் நடையொன்றை இங்கு அறிமுகப்படுத்துகிறோம்.

புனித ஜார்ஜ் கோட்டையில், 1680ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட புனித மேரி ஆலயத்திலிருந்து தொடங்குவோம். பீரங்கிக் குண்டைத் தாங்கவென்றே இதன் கூரை மரமின்றித் தடித்த செங்கல் வளைவாகக் கட்டப்பட்டது. முற்றத்தில் பதிந்துள்ள கல்லறைக் கற்கள் வேறிடத்திலிருந்து வந்தவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படையினர், கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டின் கல்லறைகளை மறைவிடமாகக் கொண்டு தாக்கினர். மீண்டும் அவ்வாறு நேராதிருக்கக் கல்லறைகள் இடிக்கப்பட்டு, பெயர் பொறித்த கற்கள் இங்குக் கொணரப்பட்டன. அவ்விடுகாடு இருந்த இடம் பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமாயிற்று.

அதைக் கடந்தால் ஆர்மீனியர் தெரு. மக்கள் வழக்கில் அது அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. இங்குள்ள ஆர்மீனிய ஆலயம் 1772இல் மீண்டும் கட்டப்பட்டது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’, 1794இல் சென்னையில்தான் அச்சேறியது. அதை வெளியிட்ட பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறை இவ்வளாகத்தில் உள்ளது. இன்று இந்நகரில் ஆர்மீனியர் அரிதாகிவிட்டனர். அவர்தம் பெயர்களைக் கற்களே காத்து நிற்கின்றன.

எழுத்துகள் தேய்ந்துவரும் இக்கற்களை, விளக்குவோர் உள்ளபோதே காண்பது நன்று. கோட்டைக்குள் செல்ல அடையாள அட்டையை மறவாதீர்.