தண்ணீர் சட்டென்று இறங்கினால் நல்ல மண்ணா?

வீடு கட்டும்போது செப்டிக் டேங்கின் நீள அகலத்தைக் கொத்தனாரிடம் கணக்காகக் கேட்கிறோம். அதிலிருந்து வெளியேறும் நீர் எந்த மண்ணுக்குள் போகும் என்று கேட்பதில்லை. டேங்க் செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும். நடுவிலிருந்து வழியும் நீரிலோ நோய்க்கிருமிகள் ஏராளமாக இருக்கும். மீதி வேலையைச் செய்யவேண்டியது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண். அது அந்த வேலைக்கு லாயக்குதானா என்று பார்ப்பதே உறிஞ்சுதிறன் சோதனை.

1920களில் நியூயார்க் மாகாணத்தில் ஹென்றி ரயான் என்ற பொறியாளர் உருவாக்கிய முறை இது. நம் நாட்டில் ஐ.எஸ். 2470 என்ற தர விதியின் இரண்டாம் பகுதி (1985) இதைச் சொல்கிறது. உறிஞ்சும் அமைப்பு வரப்போகும் ஆழத்துக்கு ஒரு சாண் அகலத்தில் குழி தோண்ட வேண்டும். கடப்பாரை பட்டு வழவழப்பான பக்கங்களைக் கத்தியால் கீறிவிட்டு, அடியில் 5 செ.மீ. சரளை போட்டு, நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். இந்த ஊறலைத் தவிர்த்தால் சோதனையே வீண்: களிமண் நீர் குடித்து உப்பிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். சித்திரையில் வெடித்துக் கிடக்கும் ஏரி ஆயக்கட்டு மண்ணில் முதல் குடம் மாயமாவது ஒன்றையும் நிரூபிக்காது. மறுநாள் 15 செ.மீ. நீர் நிறுத்தி, அது 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் என்று பார்க்கிறார்கள். 30 நிமிடத்துக்குள் என்றால் உறிஞ்சுகுழி போடலாம். 60 வரை நீரைப் பரப்பிவிடும் கால்வாய். அதற்கும் மேலே போனால் அந்த மண்ணை நம்பக்கூடாது.

மெதுவாக இறங்கினால் ஆபத்து என்பது எல்லோருக்கும் புரிகிறது, முற்றத்தில் நாறும். ஆனால் பாறைப் பகுதியான செஞ்சியில் அதிகம் பயப்பட வேண்டியது வேகமாக இறங்குவதற்குத்தான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகள் மூன்றும் கடும்பாறை. பாறை உடம்பு நீரைக் கசியவிடாததால்தான் கோட்டையின் மலைச்சுனைகளில் மழைநீர் தேங்கி நிற்க முடிந்தது. அதே பாறை அடிவாரத்தில் சிதைந்தும் வெடித்தும் கிடக்கிறது. கிணறும் போரும் அந்த வெடிப்புகளை நம்பித்தான் இருக்கின்றன. மண் துகள்களில் ஒட்டி, நாள்கணக்கில் தங்கினால்தான் கிருமி சாகும். வெடிப்புக்குள் ஒட்ட இடமுமில்லை, தங்க நேரமுமில்லை. பாறைப் பிளவுள்ள நிலத்தில் உறிஞ்சுகுழி வேண்டாம் என்று அந்த விதியே எச்சரிக்கிறது. ஆகவே ‘ஒரே நிமிஷத்தில் இறங்கிடுச்சு’ என்பது மேஸ்திரி தரும் நற்சான்று அல்ல.

‘இருபது வருஷமாக எங்கள் டேங்க் நிரம்பவே இல்லை’ என்பார்கள். அப்படியானால் அத்தனை நீரும் எங்கே போனது? ‘கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது’ என்பதும் பதிலாகாது. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, காய்ச்சினாலும் அது போகாது. ‘போர் முந்நூறு அடி’ என்ற சமாதானமும் பாதிதான் செல்லும். கேசிங் குழாய் பெரும்பாலும் பாறை தொடங்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதன் கீழே எந்த வெடிப்பு எந்த வெடிப்போடு சேர்கிறது என்பதை மேலிருந்து யார் பார்ப்பது?

வலுவான ஆட்சேபம் இடப்பற்றாக்குறைதான். உறிஞ்சும் அமைப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் குறைந்தது 18 மீட்டர் வேண்டும் என்கிறது விதி. 30க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலும் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர். சொந்த போர் உள்ள அப்படிப்பட்ட மனையில் விதிப்படி உறிஞ்சுகுழி போடவே முடியாது. பக்கத்து வீட்டு போரையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். அங்கே அடியும் பக்கமும் கசியாத டேங்க் கட்டி, லாரி வைத்து எடுப்பதே வழி. செலவுதான், ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கெடுக்காத செலவு. இடமிருப்பவர்கள் உறை இறக்குமுன் குழியைத் தோண்டிப் பாருங்கள். கடப்பாரை பாறையில் தட்டினாலோ, ஐப்பசி மழையில் குழிக்குள் ஊற்று தெரிந்தாலோ நிமிடம் எண்ணத் தேவையில்லை. அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம்.