வளையம் பூட்டும் முன் அவளுக்கு ஒரு தகவல்

ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போகப் போக, ஜவ்வாது மலையின் பல குக்கிராமங்களில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் காலில் மின்னணு வளையம் பூட்டிக் கண்காணிக்கலாமா என்ற விவாதத்தை நாம் இந்த மலையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அணிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதை வளையம் செயற்கைக்கோள் மூலம் கணிக்கும். அதைப் போலீசுக்குத் தெரிவிக்க சிக்னல் வேண்டும். தவறாமல் சார்ஜும் ஏற்ற வேண்டும். வளையம் அணியச் சம்மதிக்கும் கைதிக்குச் சிறை விடுப்பு தரலாம் என்கிறது, மத்திய அரசு 2023-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டம். ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, தனியுரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது போதைப்பொருள் வழக்கு. அவர் குற்றம் நிரூபிக்கப்படாதவர். தண்டனை பெற்றவருக்கு எல்லை எது என்பதுதான் இப்போதைய கேள்வி.

தென்கொரியாவில் 2008 முதல் பாலியல் குற்றவாளிகளுக்கு வளையம் பூட்டுகிறார்கள். 2021 ஆகஸ்டில் அங்கே ஒருவர், வளையம் காலில் இருக்கும்போதே தன் வீட்டில் ஒரு பெண்ணைக் கொன்றார். பிறகு அதை அறுத்தெறிந்துவிட்டு இன்னொரு பெண்ணையும் கொன்றார். ஆள் எங்கே என்றுதான் வளையம் சொல்லும். என்ன செய்கிறார் என்று சொல்லாது. நம் நாட்டில் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்ணுக்குத் தெரிந்தவர்களே குற்றவாளிகள் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள்.

கண்காணிப்பவர் யார் என்பதும் நமக்குச் சின்னக் கேள்வி அல்ல. ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்தான் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் அங்கே 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்த 215 பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்ய மேலும் 12 ஆண்டுகள் ஆயின. திரையின் முன் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டிய துறைகளின் ஆட்களே அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

வளையமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 2018-ல் 4.4 லட்சம் பதிவுகளுடன் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தைப் போல, வளையம் தரும் தகவலும் போலீசோடு நின்றுவிட்டால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன பயன்? அவன் எப்போது வெளியே வருகிறான் என்பதுதான் அவளுக்கு முதலில் தெரிய வேண்டும்.

அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவின்படி, ஜாமீன் உட்பட நீதிமன்ற நடவடிக்கை எதுவானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் தர வேண்டும். ஜாமீன், விடுதலை, பரோல் பற்றி முடிவெடுக்கும்போது அவர் தன் கருத்தைச் சொல்லலாம். விசாரணைக்கு வந்துபோகும் செலவும் அவருக்குத் தரப்பட வேண்டும். தகவல் தருவது கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தலித், பழங்குடி அல்லாதவர்கள் செய்த குற்றங்களுக்கே இந்தச் சட்டம் பொருந்தும். எந்தச் சமூகத்தவர் குற்றம் செய்திருந்தாலும் இதே உரிமை வேண்டும் என்பது நம் கோரிக்கை.

நாம் கேட்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. சிறைக் கதவு திறக்கும் முன், சிக்னல் இல்லாத ஊராக இருந்தாலும் ஆள் நேரில் போய் அவளிடம் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் பதிலை எழுதி வாங்கி வர வேண்டும். அவள் பயப்படுகிறாள் என்றால் அந்தப் பயத்துக்குப் பதில் சொன்ன பிறகே விடுப்பு. அதைச் செய்யாமல் பூட்டும் வளையம், அரசு தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள மட்டுமே உதவும்.